பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும்

மாயவரம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொல்லிவந்த மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மூவலூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. காவிரிப் பாசனம், பச்சைப் பசேலென்று வயல், ஒரு பழைய சிவன் கோயில். சுவாமிக்கு மார்க்கசகாயேசுவரர் என்று பெயர். தமிழில் வழித்துணைநாதர். வழி தெரியாமல் தவிப்பவர்களுக்குத் துணையாக வருகிறவர் என்று அர்த்தம்.

1880-களின் கடைசியில் இந்த ஊருக்கு ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தது. வயது ஐந்து. பிறந்த ஊர் திருவாரூர். தகப்பனார் வறுமை தாளாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். தாயார் என்ன செய்வாள்? குழந்தையை ஒரு தாசியின் வீட்டில் கொடுத்துவிட்டாள். அதற்குக் கிடைத்த விலை பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும்!

"பெற்ற தாய் இப்படிச் செய்வாளா?" என்று நம் வாசகிகள் பதறுவது தெரிகிறது. ஆனால் அந்தத் தாயாரைக் கோபிப்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. குழந்தையை விலைக்கு வாங்கிக்கொண்ட அந்த வீடு எப்படிப்பட்டது? தஞ்சைச் சீமையில் அநேகமாக ஒவ்வொரு பெரிய கோயிலுக்குப் பக்கத்திலும் அம்மாதிரி வீடுகள் இருந்தனவே, அவை எங்கிருந்து வந்தன? யார் கட்டினார்கள்? கடைசியில் யார் மூடினார்கள்?

ஆயிரத்தெட்டுக் கழஞ்சு

மூவலூரிலிருந்து காவிரியோடு கிழக்கே போனால் பூம்புகார் வந்துவிடும். அங்கேதான் நமது பழைய காப்பியமான சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடினாள். அரசன் அவளுக்குப் பரிசாகக் கொடுத்த மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை வைத்து, பணக்காரப் பிள்ளைகள் உலவும் தெருவில் கூனி ஒருத்தி கூவி விற்றாள். கோவலன் வாங்கினான். கண்ணகியின் துன்பம் அன்றே ஆரம்பமாயிற்று. இது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மாதவியின் மகள் மணிமேகலை அந்தத் தொழிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பௌத்தத் துறவியாகிப் பசித்தவர்களுக்குச் சோறு போடப் போய்விட்டாள். பாட்டி சித்திராபதி அவளைத் திரும்ப அழைத்துவர எத்தனையோ சூழ்ச்சிகள் செய்து பார்த்தாள். பலிக்கவில்லை.

வீட்டை ஆளும் ஒரு கிழவி, வெளியே போக நினைக்கும் ஒரு பெண், வாசலில் காத்திருக்கும் ஒரு பணக்கார வாலிபன்: இந்த மூன்று பாத்திரங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சரித்திரம் முழுவதும் இவர்கள் வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருப்பார்கள்.

ராஜராஜனின் விலாசப் புத்தகம்

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் ஓர் அதிசயமான சாசனம் இருக்கிறது. முதலாம் ராஜராஜ சோழன் தன் இருபத்தொன்பதாம் ஆட்சி ஆண்டில், அதாவது 1014-ஆம் ஆண்டுவாக்கில், வெட்டுவித்தது. சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து நானூறு பெண்களைத் தஞ்சைக்கு வரவழைத்து, கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்து, ஆளுக்கொரு வீடு கொடுத்துக் குடியேற்றிய விவரம் அதில் கண்டிருக்கிறது. இந்தப் பெண்களுக்குத் 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்று பெயர்.

சாசனத்தைப் படித்தால் நம்முடைய தபால்காரர்கூட அசந்துபோவார்! தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி என்று பிரித்து, எந்தச் சிறகு, தலைவீடா இரண்டாம் வீடா, அந்த வீட்டில் இருப்பவள் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். திருவாரூர், திருவையாறு, பழையாறை என்று ஊர்கள் வருகின்றன. எடுத்தபாதம், சோழகுலசுந்தரி என்று அழகான பெயர்கள். ஒவ்வொருத்திக்கும் வருஷத்துக்கு நூறு கலம் நெல் பங்கு. ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவளுடைய உறவினரில் தகுதி உள்ளவர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் வேசியர் தெரு என்று யாராவது சொன்னால் அது பெரிய பிசகு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் பெண்கள் விளக்கெரிக்கப் பொன்னும் கால்நடையும் நிலமும் தானம் செய்தவர்களாகவே பெரும்பாலும் காணப்படுகிறார்கள். இந்தச் சாசனங்களைப் பல வருஷம் ஆராய்ந்து லெஸ்லி ஓர் என்ற அம்மையார் 2000-ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவருடைய முடிவும் இதுதான்: அந்தப் பெண்கள் சொத்துள்ளவர்கள், கோயிலில் அந்தஸ்து உள்ளவர்கள், பிற்காலத்தில் நாம் அறிந்த வழக்கங்களை அவர்கள் தலையில் ஏற்றுவது பொருந்தாது.

ஆனால் அந்தச் சாசனத்தில் ஒரு சின்ன விதை இருக்கிறது. வீடும் நெல்லும் வேலையோடு கட்டப்பட்டிருக்கின்றன. வேலை செய்ய ஆள் இருந்தால் வீடு உண்டு. ஆள் இல்லாவிட்டால் பங்கு போய்விடும். இந்த விதை பின்னால் என்ன மரமாயிற்று என்பதைப் பார்க்கத்தான் போகிறோம்.

படித்தவள் யார்?

சோழருக்குப் பின் நாயக்கர்கள், அவர்களுக்குப் பின் மராட்டியர்கள் தஞ்சையை ஆண்டார்கள். கோயில் பெண்களோடு அரண்மனைப் பெண்களும் சேர்ந்தார்கள். ரகுநாத நாயக்கர் சபையில் ராமபத்ராம்பா சமஸ்கிருதத்தில் காவியம் எழுதினாள். பிரதாபசிம்ம மகாராஜா காலத்தில், 1739-க்கும் 1763-க்கும் இடையில், முத்துப்பழனி என்பவள் தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' இயற்றினாள். தன் பாட்டி பெயரையும் தாயார் பெயரையும் பெருமையோடு சொல்லிக்கொண்டாள். பிறகு சரபோஜி மகாராஜா காலத்தில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் சதிர்க் கச்சேரிக்கு ஒழுங்கு வகுத்தார்கள். இன்று பரதநாட்டிய மேடையில் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கும் வரிசைக்கு அவர்களே மூலபுருஷர்கள்.

இங்கே நம் வாசகிகள் சற்று நின்று யோசிக்க வேண்டும். இதே காவிரிக் கரையில், இதே காலத்தில், மேல்சாதிக் குடும்பத்துப் பெண் எப்படி இருந்தாள்? எழுத்து வாசனை கிடையாது. எட்டு வயதில் கல்யாணம். புருஷன் இறந்துவிட்டால், பதினைந்து வயதானாலும், பிராமணக் குடும்பமாயிருந்தால் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தார்கள். அடுத்த தெருவிலோ தாசி படித்தாள், பாடினாள், தன் பேரில் நிலம் வைத்திருந்தாள். தெய்வத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதால் அவளுக்கு வைதவ்யமே கிடையாது, நித்திய சுமங்கலி! குடும்பப் பெண்ணின் திருமாங்கல்யத்துக்குக் கருகமணி கோத்துக் கொடுக்கவும் அவளைத்தான் அழைத்தார்கள்.

"பெண் படித்தால் தாசியாகிவிடுவாள்" என்று நம் கொள்ளுப்பாட்டிமார் காலத்தில் பயமுறுத்தினார்கள் அல்லவா? அந்தப் பேச்சு பிறந்த இடம் இதுதான். ஒருத்திக்கு வீடு இருந்தது, எழுத்து இல்லை. இன்னொருத்திக்கு எழுத்து இருந்தது, வீட்டுக்கு வாசல் இல்லை. உள்ளே வரலாம், வெளியே போக முடியாது.

சாவி யார் கையில்?

அந்த வீடு நடந்த விதத்தையும் சொல்லவேண்டும். அது பெண்களின் ராஜ்யம். வயதில் மூத்தவளே எஜமானி. மற்ற வீடுகளில் பெண் பிறந்தால் முகம் சுண்டிப்போகும். இங்கே பெண் பிறந்தால் கொண்டாட்டம். ஆண் பிள்ளைகள் நட்டுவாங்கமும் மிருதங்கமும் கற்றுக்கொண்டு பின்னால் நிற்க வேண்டியதுதான். சொத்து பெண் வழியே இறங்கியது. பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சென்னை ஹைகோர்ட்டே அந்தச் சமூகத்தாரின் வழக்கம் என்று ஒப்புக்கொண்டது.

பெண்ணுக்குச் சிறு வயதிலேயே கோயிலில் பொட்டுக் கட்டுவார்கள். சுவாமியின் பெயரால் ஒரு தாலி. அதன் பிறகு அவள் முறைப்படி சந்நிதியில் ஆட வேண்டும், கும்ப ஆரத்தி எடுத்துத் திருஷ்டி கழிக்க வேண்டும். அதற்காக மானிய நிலம். வயது வந்ததும் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் 'ஆதரவு' என்று வந்து சேருவார். அவரை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்பதில்லை. பேசி முடிப்பவள் கிழவி.

கிழவி மட்டும் பொல்லாதவளா? அவளும் ஒரு காலத்தில் சிறுமியாய் வந்தவள்தானே! அவளுக்குப் புருஷன் கிடையாது. பிள்ளை சம்பாதித்துப் போடும் வழக்கமும் இல்லை. மானியம் கையில் நிற்க வேண்டுமானால் பொட்டுக்கட்டிய பெண் ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும். சொந்தப் பெண் இல்லாவிட்டால் வாங்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். ராஜராஜன் சாசனத்தில் கண்ட விதை மரமாகிக் காய்த்தது இப்படித்தான்.

1855-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கும்பெனியார் அரசை முடித்துவிட்டார்கள். அரண்மனைச் சம்பாவனை நின்றது. கெட்டிக்காரக் கலைஞர்கள் பலர் சென்னைக்குப் போனார்கள். மற்றவர்கள் மிராசுதார்களை நம்பினார்கள். கோயில் கொடுத்த படி போதவில்லை. பாட்டும் பதமும் இருந்தாலும், சாப்பாடு போட்டது 'ஆதரவு'தான். தெய்வத்துக்குக் கட்டிய பொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மனிதர்கள் பேரம் பேசுவதற்கு ஓர் அனுமதிச் சீட்டு ஆகிவிட்டது.

1860-ல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், சிறு பெண்களை இம்மாதிரிக் காரியத்துக்கு விற்பதையும் வாங்குவதையும் குற்றம் என்றது. மூவலூர்க் குழந்தை கைமாறியது அதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து! சட்டம் புத்தகத்தில் இருந்தது. குழந்தை அந்த வீட்டில் இருந்தது.

மைனர் சங்கிலி

'மைனர்' என்ற வார்த்தையின் கதை தெரியுமோ? சட்டத்தில் அது உரிய வயது வராதவனைக் குறிக்கும். அப்பா இறந்துபோய், நூறு வேலி நிலத்துக்குச் சொந்தக்காரனாகி, வயது வந்தும் புத்தி வராத பிள்ளைகளுக்குத் தஞ்சை ஜில்லாவில் அதுவே பட்டப்பெயர் ஆயிற்று. ஜிப்பா, அத்தர், கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலி. அதற்கு 'மைனர் சங்கிலி' என்றே பெயர்! ஒரு பக்கம் நிலம் அடமானம் ஏறும். மறுபக்கம் வீட்டில் மனைவியின் நகை ஒவ்வொன்றாய் இறங்கும். கோவலன் கதைதான்.

கொத்தமங்கலம் சுப்பு 1950-களில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதையை வாரந்தோறும் காத்திருந்து படித்த குடும்பங்கள் எத்தனை! 1968-ல் அது சினிமாவாகவும் வந்தது. மகளுக்குப் பெரிய இடமாகப் பார்க்கும் தாயார் வடிவாம்பாள், நாகசுர வித்துவானையே மணப்பேன் என்று பிடிவாதம் செய்யும் மோகனா, நடுவே புகுந்து தரகு பேசும் வைத்தி. சிரித்துக்கொண்டே படித்தோம். அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்த சங்கதி இதுதான்.

மூவலூர்ப் பெண்

நம்முடைய ஐந்து வயதுக் குழந்தையிடம் திரும்புவோம். பெயர் ராமாமிர்தம். 1883-ல் பிறந்தவள். மூவலூர் வீட்டில் அவளுக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். படிப்பும் வந்தது. பருவம் வந்ததும், வழக்கம்போல, வயதான பணக்காரர் ஒருவருக்கு அவளைப் பேசினார்கள். ராமாமிர்தம் மறுத்துவிட்டாள். தனக்குச் சங்கீதம் கற்பித்த சுயம்பு பிள்ளையைக் கணவராக வரித்து, குடும்பம் நடத்தத் தொடங்கினாள்.

தன் கதவு திறந்ததோடு அவர் திருப்தியடையவில்லை. தஞ்சை ஜில்லாவின் கோயில் தெருக்களில் வீடு வீடாய் ஏறி இறங்கினார். "பொட்டை அறுத்துப் போடுங்கள், கல்யாணம் செய்துகொள்ளுங்கள்" என்று சொன்னார். வாசலில் வரவேற்பா இருந்திருக்கும்? வசவுதான். எதிரிகள் அவர் கூந்தலையே கத்தரித்தார்கள். அவரோ, பிறகு முடியை வளர்க்கவே இல்லை. கிராப்புத் தலையோடும் கதர்ப் புடவையோடும் மேடை ஏறினார். முதலில் காங்கிரஸில் இருந்தார். பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். 1938-ல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நாற்பத்திரண்டு நாள் நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் சென்ற ஒரே பெண்மணி அவர்தான். அப்போது வயது ஐம்பத்தைந்து.

1936-ல் அவர் ஒரு நாவல் வெளியிட்டார். 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்று பெயர். வீட்டுக்குள் கிழவியும் தரகனும் எப்படிப் பேசிக்கொள்வார்கள், மைனரை எப்படி வலையில் சிக்கவைப்பார்கள், அந்த வலையில் அந்தப் பெண்ணே எப்படி மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது. வெளியே நின்று பார்த்த எழுத்தாளர்களுக்கு அது கைவராது.

புதுக்கோட்டை டாக்டர்

அதே சமயத்தில் சென்னையில் இன்னொரு பெண் சட்டத்தின் வழியாக அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தவர். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு சென்னைச் சட்டசபையில் முதல் பெண் அங்கத்தினரானார், உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்.

எங்கே பூட்டு இருக்கிறது என்பது டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. 1929-ல் அவர் முயற்சியால் நிறைவேறிய சட்டத் திருத்தம், மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து பிரித்தது. இனி ஆடாவிட்டாலும், பொட்டுக்கட்டப் பெண் இல்லாவிட்டாலும், நிலம் அவளுடையதே. தொள்ளாயிரம் வருஷத்து முடிச்சு அங்கே அவிழ்ந்தது! 1930-ல் பொட்டுக்கட்டுவதையே தடுக்க மசோதா எழுதினார். அது சட்டமாக வருவதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பொட்டுக்கட்டிய பெண் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றும் அந்தச் சட்டம் தெளிவாகச் சொன்னது. இடையில், ஒதுங்க இடமில்லாமல் தம் வீட்டுக்கு வந்த தேவதாசிப் பெண்களுக்காக அவர் ஆரம்பித்ததுதான் அவ்வை இல்லம்.

மறுபக்கமும் உண்டு

எல்லோரும் கைதட்டி வரவேற்றார்களா என்றால், இல்லை. தேவதாசிகளே சென்னையில் சங்கம் கூட்டி அரசாங்கத்துக்கு மகஜர் அனுப்பினார்கள். "நாங்கள் விபசாரிகள் அல்ல, கலையையும் பக்தியையும் காத்தவர்கள். எங்களுக்குப் படிப்புக் கொடுங்கள், ஒரேயடியாய் ஒழிக்காதீர்கள்" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அவர்களில் ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி கேட்பாரற்றுக் கிடந்தபோது, தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர் அவர். 1925-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று ஆண்கள் தடுத்தார்கள். அம்மாள் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். முத்துப்பழனியின் காவியத்தை 1910-ல் முழுமையாக அச்சிட்டவரும் அவர்தான். ஆபாசம் என்று சர்க்கார் 1911-ல் தடை போட்டது. 1947-ல் தடை நீங்கியது. சமாதிக்கு எதிரே அவருடைய சிலை கைகூப்பி அமர்ந்திருக்கிறது.

அவர் பயந்தது வீணும் அல்ல. 1931-ல் சென்னை மியூஸிக் அகாடமியில், மாயவரத்துக்கு அருகேயுள்ள திருவாளப்புத்தூர்க் கல்யாணியின் பெண்கள் ஆடினார்கள். 1935-ல் ருக்மிணி தேவி ஆடினார். அதன் பிறகு சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் நல்ல குடும்பத்துப் பெண்களின் கலையாயிற்று. அதை அத்தனை காலம் வைத்துக் காத்த வீட்டுப் பெண்களோ, தாம் ஆடியவர்கள் என்பதையே மறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நட்டுவனார்களுக்கும் நாகசுரக்காரர்களுக்கும் பெருமை கிடைத்தது. அவர்களுடைய அக்கா தங்கைகளுக்கு அது கிடைக்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இத்தனை சட்டத்திலும் மகஜரிலும் மேடைப் பேச்சிலும் விசாரணைக்கு வந்தவள் தாசி ஒருத்திதான். திண்ணையில் வந்து உட்கார்ந்த மிராசுதாரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. 1956-ல் வந்த விபசாரத் தடுப்புச் சட்டமும் விடுதி நடத்துவதையும் பெண்களைக் கடத்துவதையும் குற்றம் என்றது. ஆனால் தெருவில் நின்ற குற்றத்துக்காக வழக்கு ஏறுபவள் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்தாள். பெயர் மாறி, தெரு மாறி, அந்த மூன்று பாத்திரங்களில் ஒருவன் மட்டும் எப்போதும் தப்பித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

கதவைத் திறந்தவர்கள்

அந்த வீட்டைக் கட்டியவன் ராஜா. அதன் வாசலில் காத்திருந்தவர்கள் பணக்காரர்கள். ஆனால் அதன் கதவைத் திறந்து வெளியே வந்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்டியவர்கள் அந்த வீட்டுப் பெண்களேதான். முத்துலட்சுமி அந்த வீட்டின் மகள் வயிற்றுப் பெண். ராமாமிர்தம் அந்த வீட்டுக்கு விலைக்கு வந்த பெண். எதிர்த்து வாதாடிய நாகரத்தினம்மாளும் கேட்டது படிப்பைத்தான்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1962 ஜூன் 27-ஆம் தேதி காலமானார். ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு உதவும் அரசாங்கத் திட்டத்துக்கு 1989-ல் அவர் பெயரை வைத்தார்கள். 2022-ல் அந்தத் திட்டம் மாறிற்று. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் காலேஜுக்குப் போகும் பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஏற்பாடு செய்தார்கள். பணம் அந்தப் பெண்ணின் பாங்குக் கணக்கிலேயே சேரும். அப்பா கையிலோ அண்ணன் கையிலோ அல்ல.

பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் விலைபோன குழந்தையின் பெயரால், தஞ்சைச் சீமையின் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் புத்தகப் பையோடு பஸ் ஏறிப் போகிறாள். மூவலூர்க் கோயிலில் இருக்கும் வழித்துணைநாதருக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி வேறு இருக்குமா என்ன?